குப்பைக்குப் போகும் பூசணி விதை

போடிநாயக்கனூரில் ஒரு பொருளை வீணாக்காமல் காப்பது எப்படி என்று யாரும் யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. ஏலக்காய் அவ்வூராருக்கு அந்தப் பாடத்தை நெடுங்காலமாகக் கற்பித்து வந்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் காய் சல்லடையில் சலிக்கப்பட்டு, 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று அளவு வாரியாகப் பிரிகிறது. நிறம் மங்கியது ஒருபுறம், வாய் பிளந்தது ஒருபுறம் என்று பெண்களின் விரல்கள் அதை மேலும் பிரிக்கின்றன. காய் உடைந்து போனாலும் உள்ளே இருக்கும் ஏல அரிசிக்குத் தனி விலை உண்டு. எஞ்சிய தொலியைக்கூடத் தேயிலைத்தூள் டப்பாவில் போட்டு மணமேற்றிக் கொள்வது நம் தாய்மார்களின் வழக்கம்.

இத்துணைச் சிக்கனமும் அதே வீட்டுச் சமையலறையில் பூசணிக்காய் அரியும் வேளையில் மட்டும் ஏனோ மறந்து போகிறது. சதையை அரிந்து கூட்டுக்கோ, புளிக்குழம்புக்கோ எடுத்துக் கொள்கிறோம். நடுவில் நாரோடு சேர்ந்து கொழகொழவென்று கிடக்கும் விதைகளைக் கையால் வழித்து எடுத்து, வீட்டில் ஆடு மாடு இருந்தால் அவற்றுக்கும், இல்லையேல் குப்பைக் கூடைக்கும் அனுப்பி விடுகிறோம். பிறகு அதே வாரத்தில் கடைவீதிக்குச் சென்று, கண்ணாடித் தாளில் அடைத்த சிறு பொட்டலம் பூசணி விதைப் பருப்பை நல்ல விலை கொடுத்து வாங்கி வருகிறோம். மருத்துவர் சொன்னார் என்றும், அண்டை வீட்டார் உண்கிறார்கள் என்றும் அதற்குக் காரணம் கூறுகிறோம். வாங்குவது தவறன்று. எறிந்ததும் வாங்கியதும் ஏறத்தாழ ஒரே பொருள் என்பதையே நாம் இங்குக் கூற விரும்புகிறோம்.

நாம் பேசுவது மஞ்சள் பூசணியைப் பற்றி. சிலர் அதைச் சர்க்கரைப் பூசணி என்பர். தஞ்சைப் பக்கத்தார் பரங்கிக்காய் என்பர். கொங்கு நாட்டார் அரசாணிக்காய் என்பர். மலையேறிக் கேரள எல்லைக்குள் சென்றால் அதுவே மத்தங்காய் ஆகிவிடும். கண்ணேறு கழிக்க வீதியில் உடைக்கும் சாம்பல் பூசணி இதுவன்று. அது வேறு இனம்.

பரங்கிக்காய் என்னும் பெயரிலேயே இக்காயின் வரலாறு அடங்கியிருக்கிறது. பரங்கியர் என்று நம் முன்னோர் அழைத்தது, 1498-இல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய போர்த்துக்கீசியரையும் அவர்களைப் பின்தொடர்ந்து வந்த ஐரோப்பியரையும். மிளகாயைப் போலவே இக்காயும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கடல் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. மெக்சிகோ நாட்டின் வஹாக்கா மாநிலத்திலுள்ள ஒரு குகையில் கண்டெடுக்கப்பட்ட பூசணி விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமை உடையவை என அறிஞர் கணித்துள்ளனர். காட்டுப் பூசணியின் சதை கடுங்கசப்பு. எனவே அந்தப் பழங்குடி மக்கள் முதலில் உணவாகக் கொண்டது விதையைத்தான் என்றும், இனிக்கும் சதை பின்னர் நேர்ந்த பேறு என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். மனிதன் எதற்காக இக்கொடியை வளர்க்கத் தொடங்கினானோ, அதையே நாம் குப்பையில் எறிகிறோம்! மெக்சிகோ மக்கள் இன்றும் அவ்விதையை வறுத்தும், அரைத்துக் குழம்பாக்கியும் உண்கிறார்கள்.

ஏலமலைச் சரிவுகளில் பூசணிக்குத் தனித் தோட்டம் கிடையாது. ஏலச்செடிக்கு மர நிழல் வேண்டும். பூசணிக்கோ வெயில் வேண்டும். ஆதலால் தொழிலாளர் லயங்களின் பின்புறத்தில், எருக்குழியின் ஓரத்தில், பாதையோரத்து வெட்டவெளியில் அது தானாகவே இடம் பிடித்துக் கொள்கிறது. எறிந்த விதையே முளைத்து, கூரை மேல் ஏறி, எவரும் கேளாமலே காய்த்துவிடுகிறது. அடிவாரத்துக் கிராமங்களிலும் இதே கதைதான். விலை மலிந்த காய்களில் இது முதன்மையானது. முழுக்காயாகப் பரணில் ஏற்றி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், சுத்தபோசன நாளுக்கென்று எத்தனை இல்லங்களில் பூசணிக் கூட்டு கொதிக்கிறது என்பதை நம் வாசகர்கள் அறிவர். அந்நாளில் பருப்பும் பாலுமே துணை என்று எண்ணும் குடும்பங்களுக்கு, அதே காயின் நடுவிலேயே ஒரு நல்ல புரதம் காத்திருக்கிறது.

காயைத் தெரிந்தெடுத்தல்

முற்றிய காயில்தான் முற்றிய விதை இருக்கும். நகத்தால் அழுத்தினால் தொலி பதியக் கூடாது. காம்பு பசுமை நீங்கி, காய்ந்து கட்டை போலாகியிருக்க வேண்டும். கடையில் கீற்றாக வாங்குவோர் விதையைப் பார்த்தே வாங்கலாம்: விதை பருத்து, ஓரத்தில் விளிம்பு கட்டி நின்றால் நல்லது, தட்டையாக, தாள் போல் வளைந்தால் அதில் பருப்பு இராது. பறித்த காயை மூன்று நான்கு வாரம் பரணில் விட்டு வைத்தால் விதை இன்னும் திரளும். ஆனால் அளவுக்கு மீறிப் பல மாதம் கிடந்த காயை அரியும்போது, விதை உள்ளேயே முளைவிட்டிருப்பதைச் சில வேளை காணலாம். அது வறுக்க உதவாது.

ஒன்றை மட்டும் எச்சரித்து விடுகிறோம். அரிந்த காயின் சதையை நாவில் வைத்து, அது கசந்தால், சதையையும் விதையையும் சேர்த்தே எறிந்துவிட வேண்டும். பூசணி, சுரை, வெள்ளரி இவற்றில் அரிதாகத் தோன்றும் அக்கசப்பு ஒரு நச்சுப் பொருளால் ஆவது. வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். சிக்கனம் அங்கே செல்லாது.

விதையை நாரிலிருந்து பிரிப்பது பலருக்கும் அருவருப்பான வேலையாகத் தோன்றுகிறது. விதை குப்பைக்குப் போவதற்கு அதுவே பெருங்காரணம் என்பது நம் எண்ணம். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, வழித்த நடுப்பகுதி முழுவதையும் அதில் போட்டு, இரு கைகளாலும் பிசைந்து விட்டால் வேலை எளிதாகும். விதை மேலே மிதக்கும். சதைத் துணுக்குகள் பெரும்பாலும் அடியில் தங்கும். மிதப்பதை அள்ளி, கண்ணறைத் தட்டில் போட்டு, இரண்டு மூன்று நீர் மாற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு முழுவதும் போயே தீர வேண்டும் என்பதில்லை. காய்ந்தபின் அது தானே உதிரும். மிதப்பன எல்லாம் பதர் என்று நெல்லுக்குச் சொல்லும் விதியை இங்கே கொள்ளலாகாது. நல்ல பூசணி விதையும் மிதக்கும். பதரைப் பிரிக்கும் வேளை பிறகு வரும். அரிந்த அன்றே இவ்வேலையை முடித்துவிடுதல் நலம். நாரோடு இரவெல்லாம் கிடந்த விதை புளித்து நாறும்.

உலர்த்துவதே வேலை

இனிச் சொல்லப் போவதுதான் இக்கட்டுரையின் உயிர்நிலை. வீட்டில் ஒருமுறை முயன்று பார்த்து, ‘கடையில் விற்பது போல வரவில்லை’ என்று கைவிட்டவர்களைக் கேட்டால், அவர்களில் பெரும்பாலோர் கழுவிய ஈர விதையை நேரே வாணலியில் போட்டிருப்பார்கள். ஈர விதை வறுபடாது, வேகும். வெளித்தொலி தோல்வார் போலக் கடினப்பட்டு, உள்ளே பருப்பு நமநமவென்று இருக்கும். தீயைக் கூட்டினால் தொலி கருகும். பருப்போ பச்சையாகவே நிற்கும்.

இந்த உண்மையைப் போடிநாயக்கனூர் மக்களுக்கும் மலைத்தோட்டத்தாருக்கும் நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பச்சை ஏலக்காயில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் நீர்தான். அந்த நீரை 10 பங்கு அளவுக்குக் குறைக்கும்வரை ஸ்டோர்களில் காய் உலர்கிறது. வெப்பம் 50 பாகை அளவைச் சுற்றியே நிற்க வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் அதற்குச் செல்லும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் காய் நிறம் கெட்டு வெடிக்கும். ஈரத்தோடு எடுத்தால் மூட்டையிலேயே பூசணம் பிடிக்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகத் திரும்பும் வரையில் பொறுத்திருப்பதே அத்தொழில். கையில் அள்ளிக் குலுக்கி, ஓசை கேட்டே பதம் சொல்லும் பெண்கள் அவ்வூரில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பூசணி விதை ஒரு பொருட்டா?

கழுவிய விதையை முதலில் உப்பு நீரில் கொதிக்க வைப்பது ஒரு முறை. ஒரு குவளை விதைக்கு இரண்டு குவளை தண்ணீரும் ஒரு தேக்கரண்டி உப்பும் போதும். பத்து நிமிடம் கொதித்ததும் வடித்துவிடலாம். இதனால் உப்பு தொலியைக் கடந்து உள்ளே செல்கிறது. வறுத்தபின் மேலே தூவும் உப்பு அவ்வாறு ஒட்டுவதில்லை. தொலியும் சற்று இளகி, பின்னர் மொறுமொறுப்பாகும். உப்பைக் குறைக்க வேண்டிய இரத்த அழுத்தக்காரர் வீட்டில் இப்படியைத் தாண்டிச் செல்லலாம். சோறு வைக்கும் விறகடுப்பில் இடம் இருந்தால் செய்வது, இல்லையேல் விடுவது என்று கொண்டாலும் பழுதில்லை.

வடித்த விதையைச் செய்தித்தாளில் பரப்புதல் வேண்டா. கொழகொழப்பு தாளில் ஒட்டிக்கொண்டு உரிக்க வராது. அச்சு மையும் விதையில் ஏறும். சுளகிலோ, தட்டிலோ, பழைய வெள்ளை வேட்டித் துணியிலோ, ஒன்றன்மேல் ஒன்று படாதபடி ஒற்றை வரிசையாகப் பரப்ப வேண்டும். மணிக்கொருமுறை கையால் துழாவி விட்டால் ஒட்டாது. நல்ல வெயிலில் இரண்டு பகல் போதும். மாலையில் பனி இறங்குமுன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். அணிலும் எலியும் இவ்விதையின் அருமையை நம்மைவிட நன்றாக அறிந்தவை. ஆகவே மேலே ஒரு வலைத்துணி கட்டாயம்.

வெயிலைப் பற்றிப் பேசும்போது மலைக்கும் அடிவாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கலாகாது. ஆனி, ஆடி மாதங்களில் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை விடாது பெய்துகொண்டிருக்கும். துவைத்த துணியே உலராது. அதே நாளில், முந்தலைக் கடந்து 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தால், போடியில் மழை மறைவின் உலர்ந்த காற்று வீசிக்கொண்டிருக்கும். கீழே ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வரும்போதுதான் வெயிலுக்குத் தட்டுப்பாடு. மலையில் வாழ்வோர் மழைநாளில் அடுப்புக்கு மேலேயுள்ள பரணில் சுளகை வைத்து மூன்று நான்கு நாள் உலர்த்தலாம். புகை நேரே படாதபடி சற்று ஒதுக்கி வைப்பது நன்று. சோறு இறக்கியபின் சூடாறும் அடுப்பின் மேல் வாணலியை வைத்து, தணலின் வெப்பத்திலேயே அரைமணி துழாவி விடுவதும் ஒரு வழி. அன்றி, உறவினர் கீழே இருந்தால், ஜீப்பில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவதில் என்ன குறை? எத்தனையோ பொருள்கள் அவ்வழியே ஏறி இறங்குகின்றன.

தோட்டப் பகுதியினருக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பது அடிக்கடி நிகழ்வது. மருந்து வந்த சாக்கு உறுதியாக இருக்கிறதே என்று அதில் விதை உலர்த்துவதும், மருந்து டப்பாவைக் கழுவிச் சேமிப்புக்கு வைப்பதும் அறவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது உணவுக்கு ஆகாத பாத்திரமே. மருந்துத் தெளிப்பு வந்து விழும் எல்லையோரத்துக் கொடியிலிருந்து காய் பறிப்பதையும் தவிர்ப்பதே அறிவுடைமை.

பதம் அறிய, ஒரு விதையை எடுத்து இரு விரலால் ஒடித்துப் பார்க்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. ‘டக்’கென்று ஒடிந்தால் போதும். அப்போது சுளகில் இட்டுப் புடைத்தால், பருப்பில்லாத பதர் முன்னே பறந்து போகும். சவ்வும் உடன் போகும். நெல்லுக்கும் எள்ளுக்கும் கை பழகிய நம் பாட்டிமார் இருக்கும் வீட்டில் இவ்வேலை இரண்டு நிமிடம். இவ்வாறு உலர்ந்த விதையை வறுக்காமலேயே டப்பாவில் அடைத்துப் பல மாதம் வைத்துக்கொள்ளலாம்; வேண்டும்போது வேண்டிய அளவே வறுக்கலாம்.

வறுக்கும் பக்குவம்

அடிப்பாகம் கனத்த இருப்புச்சட்டியோ மண்சட்டியோ வேண்டும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் ஒருபுறம் கருகி ஒருபுறம் பச்சையாக நிற்கும். எண்ணெய் விடாமல், சட்டியை மட்டாகச் சூடேற்றி, விதையைப் போட்டு, கை ஓயாது கிளற வேண்டும். விறகடுப்பாயின் எரியும் கட்டையை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் வறுப்பது சிறப்பு. சற்று நேரத்தில் விதை படபடவென்று வெடிக்கத் தொடங்கும். சில துள்ளி வெளியேயும் விழும். குழந்தைகளுக்கு இது வேடிக்கை. எனினும் அவர்களை அடுப்பிலிருந்து தள்ளி நிறுத்துக. வெடிப்பு அடங்கிவரும் வேளையில் விதை இளம்பொன் நிறம் கொண்டு, கடலை வறுத்த மணத்துக்கும் எள் வறுத்த மணத்துக்கும் இடைப்பட்ட ஒரு மணம் எழும். எட்டு முதல் பன்னிரண்டு நிமிடத்தில் இது நிகழும். அப்போது ஒன்றை உடைத்துப் பார்க்க வேண்டும்: உள்ளே பருப்பின் மேல்தோல் பச்சையாகவும், பருப்பு வெளிர்மஞ்சளாகவும் இருந்தால் பதம் சரி. பருப்பே பழுப்பாகிவிட்டால் கசக்கும்.

சட்டியை இறக்கி வைத்தால் மட்டும் போதாது. அதன் சூட்டிலேயே விதை மேலும் வறுபட்டுக் கருகும். உடனே அகன்ற தட்டில் கொட்டிப் பரப்ப வேண்டும். ஆறியபின்தான் மொறுமொறுப்பு வரும்; சூட்டில் கடித்துப் பார்த்து ‘இன்னும் வேகவில்லை’ என்று மீண்டும் அடுப்பிலேற்றுவோர் பலர்.

உப்பு நீரில் கொதிக்க வைக்காதவர்கள், கடலை வறுத்து விற்போர் செய்யும் உபாயத்தைக் கைக்கொள்ளலாம். வறுபட்டு முடியும் தறுவாயில், இரண்டு தேக்கரண்டி தண்ணீரில் கரைத்த உப்பைத் தெளித்து, ஈரம் வற்றும்வரை கிளறினால் உப்பு வெண்மையாகப் படியும். காரம் விரும்புவோர் இறுதியில் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மிளகாய்த்தூளும் சிறிது பெருங்காயமும் புரட்டி எடுக்கலாம். எம்மைக் கேட்டால் மிளகாய்த்தூளைவிட மிளகே ஏற்றது என்போம். அச்சரிவுகளிலேயே விளைவது, அடுப்பின் சூட்டில் எளிதில் கருகிக் கமறாதது. மின்சார அடுப்புப் பெட்டி உள்ளவர்கள் 150 பாகையில் இருபது இருபத்தைந்து நிமிடம் வைத்து, இடையில் இருமுறை கிளறிவிட்டால் போதும்.

கடையில் விற்கும் பச்சைநிறப் பருப்புக்கும் நம் வீட்டு விதைக்கும் வேறுபாடு என்ன என்று சிலர் வினவலாம். கடைச்சரக்கு தொலி நீக்கியது. அல்லது கெட்டித் தொலியே இல்லாமல் விளையும் ஒருவகைப் பூசணியினது. ஆஸ்திரியா நாட்டின் ஸ்டைரியா மாநிலம் அவ்வகைக்குப் பெயர் பெற்றது. அவ்விதையிலிருந்து பிழியும் கரும்பச்சை எண்ணெய்க்கு 1996 முதல் ஐரோப்பாவில் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு இருக்கிறது. நம் நாட்டுப் பூசணிக்குத் தொலி உண்டு. நன்கு வறுத்ததைத் தொலியோடு மென்றே உண்ணலாம். பல் உறுதி வேண்டும். அல்லது ஓரத்தைப் பல்லால் கடித்துப் பருப்பை மட்டும் எடுக்கலாம். நிறைய உரிக்க வேண்டுமானால், வறுத்த விதையைப் பலகையில் பரப்பிப் பூரிக்கட்டையால் மெல்ல உருட்டி, பின் புடைத்தெடுக்கலாம். எல்லாம் உரிபடாது, பாதி உரிந்தால் மகிழ்ச்சியடைக.

உரித்த பருப்பு கிடைத்துவிட்டால் வழிகள் பல. வறுத்த மிளகாய் வற்றல், உளுந்து, பூண்டு, உப்பு சேர்த்து இடித்தால் இட்லிப் பொடி. தேங்காய்க்கு விலை ஏறிய நாளில், அதில் பாதியைக் குறைத்து இப்பருப்பை வைத்துத் துவையல் அரைக்கலாம். வெல்லப்பாகில் உருட்டி, இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டால் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கும் காசு மிச்சம்.

உடலுக்கு என்ன பயன்?

இவ்விதையைப் பற்றி மிகையாகப் பேசுவோர் பெருகிவிட்டனர். நாம் கணக்கோடு பேசுவோம். 100 கிராம் உலர்ந்த பருப்பில் ஏறத்தாழ 30 கிராம் புரதமும், 8 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட இரும்புச்சத்தும், துத்தநாகமும், மிகுதியான மக்னீசியமும் உள்ளன. ஒருவர் ஒரு நாளில் உண்ணத்தக்கது 25 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி. அதில் ஒரு முட்டைக்குக் குறையாத புரதமும், இரண்டு மில்லிகிராம் அளவில் இரும்பும் கிட்டும். நம் நாட்டில் வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்று வல்லுநர் விதித்திருக்கிறார்கள். பத்தில் ஒரு பங்குகூட இதனால் நிறையாது.

அப்படியாயின் எதற்கு இத்தனை பாடு? 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். விடியுமுன் தூக்குவாளியில் சோற்றை நிரப்பிக்கொண்டு, ஜீப்பில் மலையேறி, நாள் முழுதும் குனிந்து ஏலக்காய் பறித்து, இருட்டும் வேளையில் வீடு திரும்பி அடுப்பு மூட்டும் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் சோற்றோடு கொண்டு செல்வது பெரும்பாலும் ஒரு குழம்பும் ஓர் ஊறுகாயுமே. நல்ல காயும் முட்டையும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போனபின் எஞ்சியதே அவளுக்கு. இந்த வழக்கத்தைப் புகழ்ந்து பேசி நாம் வளர்த்துவிட்டோம் என்றே அஞ்சுகிறோம். அவளுடைய தூக்குவாளியின் மேல்தட்டில் ஒரு கைப்பிடி வறுத்த விதையைக் காகிதத்தில் மடித்து வைப்பதற்குக் காசு செலவில்லை. பத்தில் ஒரு பங்கேனும், எறிந்ததிலிருந்து மீண்டு வந்த பங்கு அது.

அந்த இரும்பு உடலில் சேரவும் ஒரு வழியறிதல் வேண்டும். மலையில் கட்டன்சாயா இல்லாமல் எவர்க்கும் வேலை ஓடாது. ஆனால் உணவோடு சேர்த்து அதைக் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது தடைப்படும். விதையையும் சோற்றையும் உண்டபின் ஒரு மணி நேரமாவது கழித்துச் சாயா குடிப்பது நலம். எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றில் ஒன்று உடன் இருந்தால் இரும்பு நன்கு சேரும். உடல் சோர்வும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் விதையை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இரத்தம் சோதித்து, அங்கே இலவசமாகத் தரும் இரும்பு மாத்திரையை உட்கொள்வதே முறை.

வயிற்றுப் புழுவுக்குப் பூசணி விதை மருந்து என்று முதியோர் கூறுவர். பிற நாடுகளிலும் நாடாப்புழுவுக்கு இதைக் கொடுத்து வந்தனர். அமெரிக்க நாட்டு மருந்து நூலிலேயே 1863 முதல் 1936 வரை இடம் பெற்றிருந்தது. ஆயினும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையைப் பிள்ளைகள் தவறாமல் விழுங்குவதற்கு இது ஈடாகாது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழு விதையைக் கொடுக்க வேண்டா; மூச்சுக்குழலில் அடைக்கும். அவர்களுக்கும் பல் போன பெரியவர்களுக்கும் தொலி நீக்கிய பருப்பைப் பொடித்துக் கஞ்சியில் தூவலாம். தொலியோடு உண்போரும் ஆசைப்பட்டு ஒரே வேளையில் கிண்ணம் கிண்ணமாகத் தின்றால், மெல்லாத தொலி குடலில் திரண்டு கட்டிக்கொள்ளும். மருத்துவரிடம் போக நேர்ந்தவர்களும் உண்டு.

வறுத்த விதையில் எண்ணெய்ப்பசை மிகுதி. ஆதலால் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்ப்பது நன்று. காறல் வாடை வந்துவிட்டாலோ, பூசணம் கண்டாலோ மறுபடி வறுத்துச் சரிசெய்ய முயலுதல் கூடாது.

எல்லா விதையையும் வறுத்துத் தின்றுவிடலாம் என்றும் நாம் சொல்லவில்லை. மிக நன்றாக இருந்த காயின் கனத்த விதைகளில் ஒரு இருபதைக் கொதிக்க வைக்காமலும் வறுக்காமலும் நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து வைக்க வேண்டும். கலப்பின வீரிய விதையில் விளைந்த காயாயின் மறுபயிர் தாயைப் போல வராது. நாட்டுக் காயாயின் பெரும்பாலும் வரும். பெருங்குடும்பத்தார் ஏழெட்டுக் கிலோ காய்க்கும் கோ-1 வகையையும், சிறு குடும்பத்தார் இரண்டு கிலோவுக்குள் நிற்கும் கோ-2 வகையையும் நாடலாம். இரண்டும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கொடுத்தவை. ஆடிப் பட்டத்திலோ, மார்கழி தையிலோ, வெயில் படும் இடத்தில் ஓரடி அகல ஆழத்தில் குழி வெட்டி, தொழு எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு ஐந்து விதை ஊன்ற வேண்டும். பதினைந்து நாளில் நன்கு வளர்ந்த இரண்டை நிறுத்தி, மற்றவற்றைப் பிடுங்கி அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். குழிக்குக் குழி ஆறடியேனும் இடைவெளி வேண்டும். லயத்தின் பின்புறம் அவ்வளவு இடம் இல்லாதவர்கள் ஒரே குழியோடு நிறுத்தி, கொடியைக் கூரைமேல் ஏற்றிவிடலாம்.